ஓடாத ரயிலின் சாட்சி

குடியிருப்புச் சங்கத்து நோட்டீஸில் மொத்தம் ஆறே வாக்கியம். நாலாவது வாக்கியத்தில் இருந்த ஒரே ஒரு சொல்தான் சர்வேயரின் மூக்கை வியர்க்க வைத்தது.

"இன்னொரு தடவை படிம்மா."

மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிற தோரணையில் போனைப் பார்த்துப் படித்தாள்.

"'போன வியாழக்கிழமை மாலை பின்கேட்டை ஆறு மணிக்குப் பூட்டாததால், இரண்டாவது மாடிப் பெரியவர் வெளியேறி, தெருவில் விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆறே முக்காலுக்கு அவர் பின்தெருவைக் கடந்ததை மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். விசாரித்தபோது காவலாளி நேரத்துக்குப் பூட்டியதாகச் சாதித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு உளறினார். ஆகவே அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். நாளைக் காலை பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.' இப்படிக்கு, செயலாளர். எழுத்துப்பிழை மூணு இருந்துச்சு. நான் திருத்திப் படிச்சேன்."

"உளறினார்," என்றார் சர்வேயர். "என்ன உளறினார்னு போடலையே?"

"உளறலை யார் மாமா நோட்டீஸ்ல போடுவாங்க? கஸ்டமர் கேர்ல நான் தினம் அறுபது உளறல் கேக்கறேன். நேத்து ஒருத்தர், வாஷிங் மெஷின் தன்னை முறைக்குதுன்னு புகார் கொடுத்தார்."

சர்வேயர் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் நனைந்த சரக்குகளையும் சோதித்தவர் அவர். எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் அவர் கற்றது ஒன்று உண்டு. பொய் சொல்கிறவன் உளறமாட்டான். அவன் கதை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வரும். நம்பவே முடியாத ஒன்றை ஒருவன் சொல்லிவிட்டுத் திருதிருவென விழித்தால், அங்கே பாதி உண்மையாவது இருக்கும்.

வாசலுக்கு வெளியே, இரண்டு கை தூரம் தள்ளி, தையல்காரி நின்றிருந்தாள். நினைவு தப்பிப்போன அந்தப் பெரியவரின் மகள். ஊரடங்கு வந்த நாளிலிருந்து முகக்கவசமாகத் தைத்துத் தள்ளுகிறவள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"சார், நீங்க இதையே தொழிலா பண்ணினவர். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவர் பூட்டலையா, இல்ல நான் திறந்தேனா?"

"நீங்க எதுக்கும்மா திறக்கப் போறீங்க?"

"பின்கேட்டுக்கு ரெண்டே சாவி சார். ஒண்ணு அவர்கிட்ட. துணி மூட்டை வர்றதால ஒண்ணு என்கிட்ட. அன்னைக்கு என் சாவி ஆணியில இல்ல, தையல் மிஷின் மேல கிடந்துச்சு. எப்ப எடுத்தேன், எதுக்கு எடுத்தேன்னு ஞாபகமே வரல. தூங்கிப் பல நாளாச்சு. அப்பாவைக் காணோம்னு ஏழு மணிக்கு ஓடினப்ப கேட் பூட்டித்தான் இருந்துச்சு. அவர் சொல்ற மாதிரி ஆறு மணிக்கே பூட்டியிருந்தா, நடுவுல திறந்து பூட்டினது நானாத்தானே இருக்கணும்? அப்படின்னா நான் பண்ணின தப்புக்கு அந்த மனுஷன் தெருவுல நிக்கப் போறார்."

"அப்பா இப்ப எப்படி இருக்கார்?"

"மணிக்கட்டு முறிஞ்சிருக்கு. காய்ச்சல்னு தனி வார்டுல போட்டுட்டாங்க. யாரும் பார்க்க முடியாது. அவருக்கு எங்க இருக்கோம்னே தெரியல சார்."

சர்வேயர் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். அந்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு இவள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடியபோது, அவர் உள்ளேயிருந்து துவாரம் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திறக்கவில்லை. வயசு அறுபத்தெட்டு, வெளியே நோய், யார் மூச்சில் என்ன இருக்குமோ என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். ஆறு நாளாக அது நெஞ்சில் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. இப்போது அவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டதற்குக் காரணம் துப்பறியும் ஆர்வம் என்று மருமகள் நினைத்தாள். அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

"நான் கண்டுபிடிக்கறேம்மா," என்றார். "நீங்க போய் ஒரு மணி நேரமாவது படுங்க."

*

படியிறங்கும் நேரத்தில் சர்வேயரின் அன்றாடத்தைச் சொல்லிவிடலாம்.

மூன்று தெரு தள்ளி ரயில்பாதை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருடைய உலகமே அதுதான். பிளாட்பாரத்தில் போய் நிற்பார், வண்டி எண், வந்த நேரம், தாமதம் எல்லாவற்றையும் பென்சிலால் நோட்டில் எழுதுவார், சத்தத்தைப் பதிவு செய்துகொள்வார். பேரனைக் கொஞ்சுகிற மாதிரி இன்ஜினைக் கொஞ்சுகிறார் என்று மகன் கேலி செய்வான். அந்த மகன் இப்போது வேலைக்குப் போன ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்தான். ரயில்கள் நின்று நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தன.

முதல் வாரம் சர்வேயர் சாப்பாட்டைக் கூடச் சரியாகத் தொடவில்லை. இரண்டாவது வாரம் தானே ஒரு ரயில்வே தொடங்கிவிட்டார். பழைய பதிவுகளை எடுத்து, காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, மாலையில் இரண்டு என்று அட்டவணைப்படி குட்டி ஸ்பீக்கரில் போட்டார். கூடத்தில் போட்டால் தன் அலுவலகத்து அழைப்புக்குள் இன்ஜின் புகுந்துவிடுகிறது என்று மருமகள் அவரைப் பின்பக்கத்து வாஷிங் மெஷின் பால்கனிக்கு மாற்றல் செய்தாள். அங்கே ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. சட்டை இல்லாமல் அவர் ரயிலைப் பார்த்ததில்லை; கேட்கும்போதும் அந்த மரியாதையைக் குறைக்கவில்லை. ஒலியை மட்டும் ரொம்பக் குறைத்து வைப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். காது சற்று மந்தம் என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாமா, மாஸ்க்கை மூக்குக்கு மேல இழுங்க," என்றாள் மருமகள் கடைசிப் படியில். "துப்பறியறதே அந்த மூக்காலதான். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம கம்பெனி மூட வேண்டியதுதான்."

*

படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில் காவலாளி சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு சுருட்டிய பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். பதினோரு வருஷத்தில் அவ்வளவுதான் சேர்ந்திருந்தது.

"எங்க போவீங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"தெரியலம்மா. ஊருக்குப் போக வண்டி இல்ல. நடந்தா எட்டு நாள் ஆகும்."

சர்வேயர் நேரே விஷயத்துக்கு வந்தார். "கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டினீங்க?"

"ஆறு மணிக்குங்க."

"மணி பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"பின்ன எப்படி ஆறுன்னு சொல்றீங்க?"

காவலாளி மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "சொன்னா நீங்களும் சிரிப்பீங்க."

"என் மருமக சிரிப்பா. நான் சிரிக்க மாட்டேன்."

"ரயில் போச்சுங்க."

மருமகள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள்.

"பதினோரு வருஷமா அப்படித்தாங்க என் கணக்கு," என்றார் காவலாளி. "அஞ்சு மணிக்குப் பின்கேட்டைத் திறந்து அங்கேயே உக்காந்திருப்பேன். ஆறு மணி ரயில் ஊதினதும் எழுந்துபோய்த் தண்ணி மோட்டாரைப் போடுவேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து பூட்டுவேன். அன்னைக்கும் அதேதான். எல்லா ரயிலையும் நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்க. ஆனா எனக்கு தினமும் கேக்குதுங்க. காலையில ரெண்டு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு. செயலாளர் ஐயாகிட்ட சொன்னேன். குடிச்சிருக்கியான்னு கேட்டார்."

"மாமா," என்றாள் மருமகள் மெல்ல. "நம்ம வாஷிங் மெஷின் ஜங்ஷன்ல ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?"

சர்வேயர் வேகமாகப் பின்கேட்டுப் பக்கம் நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளியின் ஸ்டூல். ஸ்டூலுக்குப் பின்னால் சுவரில் ஒரு கம்பி வலை. வலைக்குள் கழிவுநீர்க் குழாய்கள் இறங்குகிற குறுகிய சந்து, தரையிலிருந்து மொட்டை மாடி வரை ஒரே நீளமாக ஓடியது. அவருடைய பால்கனி அந்தச் சந்தின் ஓரத்தில்தான் இருந்தது.

"ஓடிப்போய் ஆறு மணி வண்டியைப் போடு. நான் எப்பவும் வைக்கிற சத்தத்துலயே போடு."

"ஸ்டேஷன் மாஸ்டர் வேலையும் என் தலையிலயா?" என்று கேட்டுக்கொண்டே அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

இரண்டு நிமிஷம் கழித்து, சுவருக்குள்ளிருந்து ரயில் வந்தது. முதலில் தொலைவில் ஒரு கூவல், அடுத்தது பக்கத்தில், அப்புறம் தண்டவாளம் அதிர ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள். சர்வேயரே இரண்டடி பின்னுக்கு நகர்ந்துவிட்டார். இதையா நாம் கிசுகிசுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்?

"இதேதாங்க!" காவலாளி கம்பி வலையைக் கையால் தட்டினார். "இதே ஊதல்தாங்க! அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"உங்களுக்கு இல்லீங்க," என்று மேலே பால்கனியிலிருந்து மருமகளின் குரல் கேட்டது. "அது எங்க வீட்ல இருக்கு."

ஆறு நாளில் முதல் தடவையாக சர்வேயருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. ஓடாத ரயிலைக் கேட்டுப் பூட்டினேன் என்ற உளறல் எழுத்துக்கு எழுத்து உண்மை. அதற்குச் சாட்சி அவரே. ஆவணம் அவருடைய நோட்டு. ஒவ்வொரு வண்டியையும் போட்டவுடன் நேரம் எழுதிவைப்பது அவர் பழக்கம். நாளைக் காலை நோட்டை சங்கத்துக்கு முன்னால் விரித்து வைத்தால் செயலாளர் பேச்சு மூச்சில்லாமல் உட்கார வேண்டியதுதான்.

"பெட்டியைத் திறந்து சாமானை எடுத்து வைங்க," என்றார். "நீங்க எங்கயும் போக வேண்டாம்."

மருமகள் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். "மாமா, ஒரு சந்தேகம். இவர் ஆறு மணிக்குப் பூட்டிட்டார்னா, பெரியவர் எப்படி வெளிய போனார்? அப்ப அந்த அக்கா திறந்ததாத்தானே ஆகும்?"

அதை அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குள் காவலாளி தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு ரயில் போனதும் ஒரு அம்மா பேசினாங்களே. அது ஏன் இதுல இல்ல?"

"எந்த அம்மா?"

"முகம் பார்க்கலைங்க. குரல் மட்டும்தான். 'போதும், வாங்க, வீட்டுக்குப் போகலாம்'னு. யாரோ மாடியில புருஷனைக் கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கிட்டு மோட்டார் போடப் போயிட்டேன். அன்னைக்கு ஒருநாள்தான் கேட்டுது."

சர்வேயரின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. மருமகள் அவரைப் பார்த்தாள். அவளுக்கும் புரிய ஆரம்பித்தது.

"மாமா, அது அத்தையா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

*

பால்கனியில் நோட்டு விரிந்து கிடந்தது. போன வியாழக்கிழமைப் பக்கத்தில் அவருடைய முத்து முத்தான பென்சில் எழுத்து: 'ஆறு மணி பாசஞ்சர். 38 நிமிடம் தாமதம். 6.38.'

"புரியற மாதிரி சொல்லுங்க மாமா," என்றாள் மருமகள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அதே தேதி. உங்க அத்தையையும் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஆறு மணி வண்டி வரவே இல்ல. அவ பெஞ்சுல உக்காந்து உக்காந்து பார்த்தா. ஆறு முப்பத்தெட்டுக்கு வந்துச்சு. நான் பதிவு பண்ணி முடிக்கறதுக்குள்ள அவளுக்குப் பொறுமை போச்சு. 'போதும், வாங்க'ன்னா. அது பதிவுல விழுந்துடுச்சு. அவ குரல்னு என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதாம்மா. வருஷத்துல அந்த ஒரு நாள் மட்டும் போட்டுக் கேப்பேன்."

"சரி. ஆறு மணிக்கே போட்டிருக்கலாமே?"

"வண்டி வந்தது ஆறு முப்பத்தெட்டுக்கு," என்றார் சர்வேயர். அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. தாமதமாக வந்த வண்டியை நேரத்துக்கு வந்ததாகப் போடுவது அவரால் முடியாத காரியம். ரயிலை நேசிக்கிற எவனாலும் முடியாது. முப்பத்தெட்டு நிமிஷம் அவர் இந்த ஸ்டூலில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு காத்திருந்தார். மருமகள் காதில் ஹெட்போனோடு யாருடைய புகாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே கேட் திறந்தே கிடந்தது. கோடை வெளிச்சத்தில் நேரம் போனது தெரியாமல், வராத ஆறு மணிக்காகக் காவலாளியும் காத்திருந்தார்.

மற்ற நாளில் ஆறிலிருந்து ஆறரை வரை தையல்காரி தன் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுவாள். காவலாளி மோட்டார் போடப் போகிற ஐந்து நிமிஷத்தில் கேட் திறந்திருந்தாலும் பெரியவர் மகளுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். ஆறு முப்பத்தெட்டுக்கு அவள் மிஷினுக்குத் திரும்பியிருந்தாள். ஆறே முக்காலுக்கு மருந்துக்கடைக்காரர் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய வழக்கை அவர் பார்த்ததில்லை. சந்தேகப் பட்டியலில் எழுத மறந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

அவர் அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர் வேணுமா மாமா?" என்று கேட்டாள் மருமகள். "என் மேஜையில இருக்கு. கொண்டு வரவா?"

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். 6.38ஐ அழித்து 6.00 என்று போட்டுவிட்டால் போதும். காவலாளி தப்பிப்பார். தானும் தப்பிக்கலாம். செயலாளருக்கும் ஆட்சேபம் இருக்காது. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை, ஒருத்தியைத் தவிர.

"ரெண்டே சாவிதாம்மா," என்றார் அவர். "அவர் இல்லேன்னா அவதான். அந்தப் பொண்ணு ஏற்கெனவே தூங்காம செத்துக்கிட்டிருக்கா."

மருமகள் உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டு வந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மாலை ஆறு மணிக்கு அவர் ரயிலும் போடவில்லை.

*

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, கார் நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் போட்ட கட்டங்களுக்குள் சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி தகரப் பெட்டியோடு ஓரத்தில் நின்றார். சாமானை எடுத்து வைக்கச் சொல்லியும் அவர் எடுத்து வைத்திருக்கவில்லை. தையல்காரி தூணருகே நின்றாள்.

சர்வேயர் நோட்டைத் திறந்தார். ஸ்பீக்கர், சந்து, ஸ்டூல், ஆறு முப்பத்தெட்டு என்று ஒன்று விடாமல் சொன்னார். "பெரியவர் விழுந்ததுக்கு நான்தான் பொறுப்பு. கதவைத் தட்டினப்ப திறக்காததுக்கும் சேர்த்து," என்று முடித்தார். மனைவியின் குரலை மட்டும் சொல்லவில்லை. அது வழக்குக்குச் சம்பந்தமில்லாத சொந்த விஷயம் என்று தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஓடு விற்கிற கடைக்காரர். நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா சார்? நீங்க வேணும்னா பண்ணினீங்க? வயசான காலத்துல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா என்னதான் பண்ணுவீங்க? இதெல்லாம் யாருக்கும் நடக்கறதுதான். விடுங்க, விடுங்க."

எல்லா நாற்காலிகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. மொத்தம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சர்வேயருக்கு உடம்பு கூசியது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அதையே அவர்கிட்டயும் சொல்லுங்க," என்றார்.

"எதை சார்?"

"இப்ப என்கிட்ட சொன்னீங்களே, யாருக்கும் நடக்கறதுதான்னு. அதை அவர் முகத்தைப் பார்த்து சொல்லுங்க."

செயலாளர் மென்று விழுங்கினார். "அது வேற சார். ஏஜென்சியில ஆள் அனுப்பிட்டாங்க. பத்து மணிக்கு வந்துடுவார்..."

"அப்ப நான் எழுதிக் கொடுக்கறேன். தப்பு என்னோடதுன்னு. விசாரிக்காம ஒருத்தரை நீங்க வெளிய அனுப்பினீங்கன்னும் அதே தாள்ல எழுதறேன். எழுத்துப்பிழை இருக்காது; என் மருமக பார்த்துடுவா."

"கமாகூட விடமாட்டேன்," என்றாள் மருமகள்.

பத்து மணிக்கு வந்த ஏஜென்சி ஆள் வந்த வழியே திரும்பினார். காவலாளி நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வேயரைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்றார்.

"இனிமே மணி பார்த்தே பூட்டிக்கறேங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

எல்லோரும் போன பிறகும் தையல்காரி தூணருகிலேயே நின்றாள்.

"அப்ப நான் திறக்கல," என்றாள்.

"திறக்கலம்மா."

"நான் திறக்கல," என்று மறுபடி தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருமகள் அவளைத் தொடக்கூடாத தூரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அழுகை அடங்கியதும் தையல்காரி சர்வேயரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் மன்னித்தாளா இல்லையா என்று அந்தப் பார்வையில் தெரியவில்லை.

"சார், இவ்வளவும் கண்டுபிடிச்சீங்களே. இன்னும் ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. தினம் பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் போன் போட்டு அப்பாகிட்ட ரெண்டு நிமிஷம் கொடுப்பாங்க. அவர் திரும்பத் திரும்ப ஒண்ணேதான் சொல்றார். ஒரு அம்மா கூப்பிட்டாங்களாம். 'வாங்க, வீட்டுக்குப் போகலாம்'னாங்களாம். அதனாலதான் இறங்கிப் போனாராம். எங்கம்மா போய் இருபது வருஷம் ஆச்சு. அது யாரு சார்?"

மருமகள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சர்வேயர் மேலே அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடியில் அவருடைய பால்கனி. அதற்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில், சந்தை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல்.

"அப்பா கட்டில் எங்கம்மா இருக்கு?"

"அந்த ஜன்னல்கிட்டதான். காத்து வரும்னு போட்டோம்."

அவர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. மணி பத்தரை. இத்தனை நேரம் அங்கேயே நின்றிருந்தது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்துக் காரின் பானட்மேல் போனை வைத்தாள்.

"அப்பா, நம்ம மூணாவது மாடி சார் இருக்கார். பேசுங்க."

"யாரு?" வயசான, மெலிந்த குரல். "அந்தம்மா வந்துட்டாங்களா? வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாங்க. நான் இறங்கி வந்தேன். அதுக்குள்ள எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியல."

சர்வேயர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் போனார். தையல்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க என் மனைவிங்க," என்றார். "அவங்க இல்ல, போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க குரலைப் போட்டது நான். உங்களைக் கூப்பிட்டது நான்தாங்க."

எதிர்ப்பக்கம் நர்ஸ் நேரமாகிவிட்டது என்று சொல்வது லேசாகக் காதில் விழுந்தது.

"நீங்கதானா?" என்றார் பெரியவர். குரலில் கோபம் துளிகூட இல்லை. அப்பாடா என்று இருந்தது அது. "அப்ப சரி. வந்து கூட்டிட்டுப் போங்க. நான் ஏழு நாளா சட்டையைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டாள்.